தாய்ப்பொன்னிலும் மாப்பொன்

பினாங்குத் தீவின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நகைக்கடைகளும் காசு மாற்றும் கடைகளும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கடைக்காரர் செய்கிற முதல் வேலை, வாசல் பலகையில் எண்ணை மாற்றுவது. 916 தங்கம் கிராம் இன்றைக்கு இத்தனை வெள்ளி. அமெரிக்க டாலர் இத்தனை, இந்திய ரூபாய் இத்தனை, மேடானிலிருந்து வருகிறவர்களுக்காக ரூப்பியா இத்தனை. மழையில் நனைந்தபடி நடந்து போகிறவன்கூடக் கடைக்குள் கால் வைக்காமல் விலை தெரிந்துகொள்ளலாம்.

இந்தத் தெருவில் ஐம்பது வருடமாகப் பட்டறையில் குந்தியிருந்த ஒரு பத்தர் எனக்குப் பழக்கம். அவருக்குப் பிடிக்காத பழமொழி ஒன்று உண்டு. "தட்டான் தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான்." பெற்றவளின் நகையை உருக்கினாலும் ஒரு பொட்டுத் தூளை அமுக்காமல் தட்டான் விடமாட்டான் என்று ஊர் சொல்லிவைத்திருக்கிறது. பத்தருக்கு அது தலைமுறை தலைமுறையாகச் சுமக்கிற பழி. போன வருடம் நெஞ்சில் மூன்று ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பழி இறங்கியது என்கிறார்.

நடந்தது இவ்வளவுதான். மாடிப்படி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது, நின்றால் விட்டுவிடுகிறது. ஆறேழு மாதமாக அதே வலி, கூடவுமில்லை குறையவுமில்லை. மகன் தன் காப்புறுதி அட்டையோடு அவரை ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். பெயர் வேண்டாம். பளிங்குத் தரை, வாசலிலேயே காப்பிக்கடை, குளிரூட்டியில் விறைக்கிற மாதிரி ஒரு வரவேற்பறை. மறுநாள் காலை மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம். பத்தர் மேசையில் மல்லாந்து கிடக்கிறார், குழாய் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மருத்துவர் வெளியே வந்து அவர் மனைவியிடம், "மூணு இடத்துல அடைப்பு. எழுபது பர்சன்ட், எண்பது பர்சன்ட். உள்ள ஒரு டைம் பாம் இருக்கு அம்மா. இப்பவே வெச்சிரலாமா, இல்ல வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வரீங்களா?" என்றாராம்.

டைம் பாம் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் யோசிக்கிற மனைவி இந்தத் தீவில் இருக்கிறாளா? கையெழுத்து விழுந்தது. காப்புறுதிக் கம்பெனியின் கேரண்டி லெட்டர் அதற்குள் வந்து காத்திருந்தது. நம்மூரில் மாரடைப்பைவிட வேகமாக வருவது அது ஒன்றுதான்.

ரசீது ஐந்து இலக்கம். பத்தர் தொழில் புத்தி போகுமா? ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். பஞ்சுக்கு விலை, கையுறைக்கு விலை, ஊசிக்கு விலை. நடுவில் 'இம்ப்ளான்ட் - 3' என்று ஒரே வரி, எதிரே ஒரே தொகை. கவுன்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டிருக்கிறார்: "ஏம்மா, இது என்ன உலோகம்? ஒவ்வொன்னும் எவ்வளவு? செய்கூலி தனியா, சேதாரம் தனியா?"

"ஐட்டம் கோட் மட்டுந்தான் அங்கிள் சிஸ்டத்துல இருக்கு."

"தம்பி," என்றார் என்னிடம், பள்ளிவாசலுக்குப் பக்கத்து நாசி கண்டார் கடை வரிசையில் நின்றபடி, "நான் ஒரு மூக்குத்தி வித்தா என்ன தங்கம், என்ன எடை, என்ன கூலின்னு சீட்டு எழுதிக் குடுக்கணும். குடுக்கலேன்னா திருட்டுப்பய. இவனுங்க ஈரக்கொலைக்குப் பக்கத்துல வெச்சுத் தைக்கிற சாமானுக்கு ஒரு சீட்டு இல்ல. இவனுங்க டாக்டரு."

தைக்கவில்லை அண்ணே, ஊதி விரிக்கிறார்கள் என்று திருத்தலாம் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். அந்த வரிசையில் அவர் நின்றது தனக்கே வாங்கித் தின்னத்தானா என்பதையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கு மனைவி இருக்கிறார், பத்திரிகை படிப்பார்.

அந்தச் சாமானைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். கோபால்ட்-குரோமியம் கலவையில் இழைத்த ஒரு வலைக்குழாய். கம்பியின் தடிமன் ஏறக்குறைய ஒரு தலைமுடி. பத்தர் தராசில் குன்றிமணி ஒன்றை ஒரு தட்டில் வைத்தால் மூன்று ஸ்டென்டும் சேர்ந்தும் அந்தத் தட்டைத் தூக்காது. மேலே ஒரு மருந்துப் பூச்சு, குழாய் மறுபடி சதை வளர்ந்து அடைக்காமலிருக்க. அந்த மருந்தின் மூதாதை சிரோலிமஸ், ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து வந்தது. வேலைப்பாடு என்று பார்த்தால் பத்தரே கையெடுத்துக் கும்பிடுகிற வேலைப்பாடு. 1977-இல் சூரிக்கில் குரூண்ட்சிக் என்ற மருத்துவர் பலூனை ஊதி அடைப்பைத் திறந்ததும், 1986-இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் முதல் ஸ்டென்டுகளை வைத்ததும் மனித மூளையின் பெருமைகள். இதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்று சொல்கிறேன். மாரடைப்பு வந்து, ரத்தக்குழாய் முழுசாக அடைத்து, இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும்போது அந்தக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைப்பவர் தெய்வம். கோயிலில் சூடம் காட்டுவதை நிறுத்திவிட்டு அவருக்குக் காட்டலாம். ஆனால் படி ஏறினால் வலி, நின்றால் இல்லை என்று மாதக்கணக்கில் ஒரே நிலையில் இருக்கும் நெஞ்சுக்கு இதே ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் நீளுமா? 2007-இல் வந்த கரேஜ் ஆய்வில் 2,287 பேர். பாதிப்பேருக்கு மாத்திரையோடு ஸ்டென்ட், பாதிப்பேருக்கு மாத்திரை மட்டும். சாவிலும் மாரடைப்பிலும் வித்தியாசமில்லை. மருந்துப் பூச்சு ஸ்டென்ட் இல்லாத காலம் அது என்று சாக்குச் சொன்னார்கள். 37 நாடுகளில் 5,179 பேரை வைத்து இஸ்கீமியா ஆய்வு நடந்தது, 2020-இல் அச்சேறியது. இடது பெருங்குழாயில் அடைப்பு உள்ளவர்களை, அண்மையில் மாரடைப்பு வந்தவர்களைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால், அதே பதில்தான். ஆயுள் கூடவில்லை.

வலியாவது போகுமா? லண்டனில் ரஷா அல்-லமீ என்ற மருத்துவர், 2017-இல் வெளியான ஆய்வில், ஒரு காரியம் செய்தார். நல்ல மாத்திரை கொடுத்துப் பழக்கிய 200 பேரை மயக்கத்தில் படுக்கவைத்து, ஒரு பாதிக்கு ஸ்டென்ட் வைத்தார், மறுபாதிக்கு வைத்ததுபோல் பாவனை மட்டும் செய்தார். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு வாரம் கழித்து நடைப்பட்டையில் ஏற்றினால் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அதே குழு 2023-இல் நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் மறுபடி பார்த்தபோது ஸ்டென்ட் வலியைக் குறைத்தது. ஆக, மாத்திரைக்கு அடங்காத வலிக்கு, மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கு இது நல்ல நிவாரணம். நிவாரணம் என்று சொல்லி விற்கலாமே! எவன் விற்கிறான்? நிவாரணம் என்றால் மனைவி வீட்டுக்குப் போய் யோசித்துவிடுவாள். டைம் பாம் என்றால்தான் பேனா கேட்பாள்.

எழுபது, எண்பது என்கிற அந்தக் கணக்கும் பெரும்பாலும் கண்மதிப்புதான். திரையில் நிழல் ஓடுகிறது, மருத்துவர் பார்க்கிறார், சதவீதம் சொல்கிறார். கண்ணால் பார்த்தே மாற்றுச் சொல்கிற தட்டானிடம் நீங்கள் நகை விற்பீர்களா? அவனே வெட்கப்பட்டு உரைகல்லை எடுப்பான். இதயத்துக்கும் உரைகல் இருக்கிறது. அழுத்தம் அளக்கும் மெல்லிய கம்பி ஒன்றை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, அந்த அடைப்பு நிஜமாகவே ரத்தத்தைத் தடுக்கிறதா என்று அளக்கலாம். 2009-இல் வெளியான ஃபேம் ஆய்வில் 1,005 நோயாளிகள். உரசிப் பார்த்து வைத்த கூட்டத்தில் ஆளுக்குச் சராசரி 1.9 ஸ்டென்ட், கண்ணை நம்பி வைத்த கூட்டத்தில் 2.7. குறைவாக வைத்துக்கொண்டவர்கள்தான் ஒரு வருடம் கழித்து நன்றாக இருந்தார்கள். பத்தரின் மூன்று அடைப்பையும் கம்பி போட்டு அளந்தார்களா? ரசீதில் அப்படி ஒரு வரி இல்லை. பஞ்சுக்கு வரி இருந்தது.

இந்தியாவில் இந்த மாப்பொன்னை ஒருமுறை எடைபோட்டுப் பார்த்தார்கள். பீரேந்தர் சங்வான் என்ற வழக்கறிஞர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் கணக்கைக் கிண்டியது. மருத்துவமனைகள் ஸ்டென்ட் மேல் வைத்த லாபம் 654 சதவீதம் வரை போயிருந்தது. தாய்ப்பொன்னில் அரைக்கால் குன்றிமணி அமுக்கியதற்குத் தட்டான்மேல் பழமொழி கட்டிய சமுதாயம், 654-க்கு என்ன பழமொழி கட்டியது? 'உலகத் தரம்' என்று கட்டியது. 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு வந்தது. வெறும் உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்துப் பூச்சு ஸ்டென்ட் 29,600 ரூபாய். முந்தைய நாள் வரை லட்ச ரூபாய்க்கு மேல் விற்றது அது. அதோடு இன்னொரு கட்டளை: ரசீதில் ஸ்டென்டின் விலை, பிராண்ட், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், தொகுதி எண் எல்லாம் தனியாக எழுத வேண்டும். அதாவது பத்தர் மூக்குத்திக்கு எழுதிக்கொடுக்கிற சீட்டு. அதற்கே பெரிய கம்பெனிகளுக்கு நெஞ்சடைத்துவிட்டது. இந்த விலைக்குக் கட்டாது என்று சில ரகங்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற விண்ணப்பம் போட்டார்கள்.

விலையைக் கட்டினால் போதாது என்பதற்கும் இந்தியாவே சாட்சி. 2024 நவம்பர், குஜராத்தின் மெஹ்சானா மாவட்டம், போரிசணா என்ற கிராமம். அகமதாபாத்தின் கியாதி மருத்துவமனை அங்கே இலவச முகாம் போட்டது. 19 கிராமத்தாரை நகரத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். 19 பேருக்கும் ஆஞ்சியோகிராம், 7 பேருக்கு ஸ்டென்ட், 2 பேர் செத்தார்கள். பணம் அரசாங்கக் காப்பீட்டு அட்டையிலிருந்து. அரசு விசாரணை, கைது, திட்டத்திலிருந்து நீக்கம் எல்லாம் பிறகு வந்தன. ஏழையிடம் காசில்லை என்பதால் அவன் இதயம் இத்தனை காலம் தப்பித்திருந்தது. அரசு அவன் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தது, அவன் நெஞ்சுக்கும் மவுசு வந்துவிட்டது.

"அது இந்தியா, இது மலேசியா" என்று மூக்கைச் சுளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020-இல் இந்த நாட்டில் இதய ரத்தக்குழாய் நோயால் இறந்ததாக மருத்துவர் சான்றளித்தவர்கள் 18,515 பேர், அந்த வருடத்துச் சாவுக் காரணங்களில் முதலிடம். அதில் நம் ஆட்கள் மக்கள்தொகை விகிதத்தை மீறி நிற்கிறோம். இனிப்பு நீர், கொழுப்பு, பீடி, கோபம், குழம்பு. ஆகவே உபகரணமே வேண்டாம் என்று பேச நமக்கு யோக்கியதை இல்லை. உபகரணம் யாருக்கு எப்போது கிடைக்கிறது என்றுதான் பேச வேண்டும். 1989-இல் பிரதமர் மகாதீருக்குக் கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில் பைபாஸ் நடந்தது. 1992-இல் நாட்டுக்குத் தேசிய இதய நிலையம் கிடைத்தது. பத்தருக்கு மூன்று ஸ்டென்ட் நடந்தது. மகனுக்குக் காப்புறுதிச் சந்தா கூடிய கடிதம் கிடைத்தது. வருமானத்தில் கீழ்த்தட்டான பி40 குடும்பத்துக்காரருக்கு பெக்கா என்ற அரசுத் திட்டத்தில் உபகரண உதவி உண்டு, வாழ்நாளில் 20,000 வெள்ளி வரை. அதற்குப் பாரம், முத்திரை, ஒப்புதல். பேஸ்மேக்கர் வேண்டியவர் தலைசுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பாரம் மேசை மேசையாகச் சுற்றுகிறது. வேண்டியவருக்கு வரிசை, வேண்டாதவருக்கு கேரண்டி லெட்டர்.

பேஸ்மேக்கர் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்ற பொறியாளருக்கு உலகின் முதல் பதிகருவியை வைத்தார்கள். அது சில மணி நேரத்தில் நின்றுபோனது. மனிதர் அசரவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, தனக்குச் சிகிச்சை செய்த மருத்துவருக்கும் கருவி செய்த பொறியாளருக்கும் பிறகும் வாழ்ந்து, 2001-இல் 86 வயதில் போனார். அடைபட்ட மின்பாதைக்கு அந்தச் சின்னப் பெட்டி உயிரேதான்.

அந்தப் பெட்டி எங்கே செய்யப்படுகிறது தெரியுமா? இந்தச் சாலையிலிருந்து காரில் போனால் நெரிசலோடு சேர்த்தும் ஒரு மணிக்குள் எட்டிவிடுகிற பாயான் லெபாஸில். செயின்ட் ஜூட் மெடிக்கல் கட்டிய ஆலை அங்கே இருக்கிறது. 2017-இல் அந்தக் கம்பெனி அபோட் கைக்குப் போனது. நம் பக்கத்து வீட்டுப் பெண்கள் தலை முதல் கால் வரை மூடிய உடையில் ஷிப்டுக்குப் போய் உலகத்தின் இதயத்துடிப்பைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறார்கள். அவர்களில் ஒருத்தியின் அப்பாவுக்கு அதே பெட்டி தேவைப்பட்டால் அவளும் பாரம் நிரப்ப வேண்டியதுதான். ஊறுகாய்க் கம்பெனியில் வேலை செய்தால் பொங்கலுக்கு ரெண்டு போத்தல் ஊறுகாயாவது கிடைக்கும்.

இப்போது சேதாரத்துக்கு வருவோம். நகைக்கடையில் சேதாரம் என்றால் வாங்குகிறவன் தலையில் விழுகிற கணக்கு. இங்கேயும் அப்படித்தான், தொகை மட்டும் வேறு. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாதிருக்க இரண்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்க வேண்டும். பல் பிடுங்கப் போகிறேன் என்று தன்னிஷ்டத்துக்கு நிறுத்தினால் உள்ளே ரத்தம் உறைந்து மாரடைப்பு. நிறுத்தாமல் போனால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம். இதைச் சொல்லித்தான் வைக்கிறார்களா? கருவியே பழுதானால் அது வேறு சேதாரம். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னடி கொடுத்துத் திருத்தும் பதிகருவி டிஃபிப்ரிலேட்டர். 2007-இல் அதை இதயத்தோடு இணைக்கும் மெட்ரானிக்கின் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் கம்பிகள் உடைவதாக விற்பனையை நிறுத்தினார்கள், அதற்குள் உலகமெங்கும் சுமார் 2,68,000 பேர் நெஞ்சில் அவை போய்விட்டன. கம்பி உடைந்தால் ஒன்றுமில்லாதபோதே டிஃபிப்ரிலேட்டர் மின்னடி கொடுக்கும். கெய்டன்ட் என்ற கம்பெனி தன் டிஃபிப்ரிலேட்டர் குறுக்குச்சுற்றாகிப் பழுதாவது தெரிந்தும் மருத்துவர்களுக்குச் சொல்லவில்லை. 2005-இல் ஓர் இருபத்தொரு வயது மாணவன் செத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு 29 கோடி டாலருக்கும் மேல் அபராதம் கட்டியது. செயின்ட் ஜூட்டின் டிஃபிப்ரிலேட்டர் பேட்டரிகள் திடீரென்று தீர்ந்துபோவது பற்றி 2016 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. கோளாறு தெரிந்தே விற்றார்கள் என்ற அமெரிக்க அரசின் குற்றச்சாட்டை, தப்பை ஒத்துக்கொள்ளாமலே, 2021-இல் 2.7 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். எங்கள் பத்தர் ஈயம் கலந்த ஒரு கம்மலை விற்றிருந்தால் இந்தத் தெருவே அவரைத் துரத்தியிருக்கும். இவர்கள் செக் எழுதிவிட்டு அடுத்த மாடலை அறிமுகம் செய்தார்கள்.

இந்தச் சாலையின் பெயருக்குரிய கப்பித்தான் காதர் முகைதீன் மெரிக்கான், 1801-இல் பள்ளிவாசல் எழுந்த காலத்தில் நம் வணிகர்களின் தலைவர். கப்பித்தான் என்றால் தம் சனங்களுக்குள் வழக்கு வந்தால் உட்கார்ந்து தீர்க்கிறவர். எடைக்கல்லில் மோசடி என்று யாராவது போய் நின்றிருந்தால் முதலில் அந்தக் கல்லைக் கொண்டுவா என்றிருப்பார். நம் காலத்துக் கப்பித்தான்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். தனியார் மருத்துவரின் கூலிக்கு வரம்பு இருக்கிறது, தனியார் மருத்துவமனை விதிகளின் 13-ஆவது அட்டவணையில். மருத்துவமனை விற்கிற சாமானுக்கு வரம்பு இல்லை. செய்கூலிக்குக் கட்டுப்பாடு, உலோகத்துக்கு இஷ்டம்! 2024 கடைசியில் காப்புறுதிச் சந்தா தலைக்கு மேல் ஏறிச் சனங்கள் கத்தியபோது, பேங்க் நெகாரா தலையிட்டு ஏற்றத்தைப் பல வருடத்துக்குப் பரப்பியது. அதாவது ஒரே அடியாக அடிக்காதே, மெதுவாக அடி. 2025 மே 1 முதல் மருந்துகளின் விலையை எழுதி வைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. அதற்கே மருத்துவர்கள் கறுப்பு உடுத்திப் புத்ராஜெயாவுக்கு ஊர்வலம் போனார்கள். காய்ச்சல் மாத்திரைக்கு விலை எழுதச் சொன்னதற்கு இத்தனை துக்கம். அந்த ஆணையில் மருந்து இருக்கிறது. ஸ்டென்ட் இல்லை, பேஸ்மேக்கர் இல்லை.

பத்தர் விடவில்லை. மூன்று முறை நடந்து, நான்காவது முறை கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு, இம்ப்ளான்ட் அட்டையைக் கேட்டு வாங்கிவிட்டார். எந்தக் கம்பெனி, என்ன அளவு, என்ன எண் என்று மூன்று ஒட்டுச்சீட்டுகள். அதைப் பிளாஸ்டிக்கில் போட்டு, பாஜாக்கடை அடகுச் சீட்டு வைக்கிற அதே உறைக்குள் வைத்திருக்கிறார். விலை மட்டும் இன்னும் தெரியவில்லை.

சுகாதார அமைச்சுக்கு: பாராசிட்டமோலுக்கு வைத்த பலகையை ஸ்டென்டுக்கும் பேஸ்மேக்கருக்கும் வையுங்கள். ரசீதில் பிராண்டும் எண்ணும் விலையும் தனித்தனி வரியாக வரவேண்டும் என்று ஆணையிடுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் இந்தச் சாலைக்கு வாருங்கள், எந்தக் கடையிலும் ஒரு ரசீதுப் புத்தகம் கிடைக்கும்.

உங்களுக்கு: மாரடைப்பு என்றால் ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடுங்கள். மாதக்கணக்கில் மாறாத வலி என்றால், மேசையில் படுக்கும் முன்பே, "பார்த்துவிட்டு இறக்கிவிடுங்கள், பேசிவிட்டு வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். கம்பி போட்டு அளந்தீர்களா என்று கேளுங்கள். மாத்திரை மட்டும் என்றால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அட்டை கையில் வராமல் காரில் ஏறாதீர்கள்.